தகரக் கூரையும் யப்பான் மணியும்

சோளகக் காற்று எழும்பினால் கூரைத் தகரம் கடகடவென்று ஆடும்... ஊர்காவற்றுறையில் நான் முதன்முதலில் போட்ட கடை அது. வலை, கயிறு, நங்கூரம். புதுக் கயிற்றின் மணம் சட்டையிலும் ஒட்டியிருக்கும். விலை பேசுவதென்றால் காதுக்குள் வாயை வைத்துத்தான் பேச வேண்டும்.

அந்தத் தகரத்தை நான் திட்டாத நாளில்லை.

கொஞ்சம் தலையெடுத்ததும் புதுக்கடை கட்டினேன். கட்டடக்கலை படித்த என் மகள்தான் வரைந்தாள். உயரக் கூரை, வழுவழுவென்ற சீமெந்துத் தரை, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதுவரை நல்லாய்த்தான் இருந்தது.

பிறகு ஸ்பீக்கர் பூட்டினாள். யப்பானில் கட்டடங்களுக்கென்றே இசை அமைப்பார்களாம். பாட்டுமில்லை, தாளமுமில்லை. கவனித்துக் கேட்கவும் தேவையில்லையாம்... அறைக்குள் வெளிச்சம் இருப்பது மாதிரி அதுவும் இருக்குமாம்.

எனக்குக் கேட்டது ஒரு மணி. டிங்... நீண்ட இடைவெளி. மறுபடி டிங்...

கடல்தொழில் தொடங்கும் பருவம். வலை விற்றால்தான் கடனில் எழுப்பிய அந்தக் கட்டடம் என் கையில் நிற்கும். கரம்பொன்னிலிருந்து என் பழைய வாடிக்கையாளர் அந்தோனி அண்ணை வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். தொப்பியை எடுத்தார்.

“ஆர் தம்பி மோசம் போனது?”

அவர்களின் மாதா கோயிலில் இறந்தவருக்கு அடிக்கும் மணியும் அப்படித்தான், விட்டுவிட்டு ஒற்றையாய். ஒருவரும் சாகவில்லை, இது யப்பான் இசை என்றேன்.

“அப்ப மணி நிண்டாப்பிறகு வாறன். இதுக்குள்ள நிண்டு விலை பேச ஏலாது.”

போய்விட்டார். பின்னால் வந்தவர்களும் வாசலோடு திரும்பினார்கள். எனக்கு வந்த கோபத்தில் வயரையே பிடுங்கினேன். அதைச் சும்மா போடவில்லை என்று மகள் ஏதோ சொல்ல வந்தாள். நான் கேட்கவில்லை.

மறுநாள் அந்தோனி அண்ணை வந்தார். பழைய ஆள் என்று, குரலைத் தாழ்த்தி ஒரு விலை சொன்னேன். உயரக் கூரை அதைத் தூக்கிக்கொண்டுபோய், அடுத்த கோடியில் கயிறு பார்த்துக்கொண்டு நின்ற புளியங்கூடல்காரர் காதில் போட்டது.

“அண்ணை, எனக்கும் உந்த விலைதானே?”

கடையில் நின்ற எல்லோருக்கும் அதே விலைக்குக் கொடுத்துத் தொலைத்தேன்.

மகள் வந்து வயரைத் திரும்பக் கொழுவினாள். இந்தமுறை மணி இல்லாத ஒன்று, தண்ணீர் ஓடுவது மாதிரி.

“கதைக்கிறது மற்றாளுக்குக் கேக்காம இருக்கத்தான் அப்பா போட்டனான்.”

இன்றைக்கும் ஓடுகிறது. கரண்ட் போனால் விலை பேசுவதை நிறுத்திவிட்டு, வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுத்துக் கரண்ட் வரும்வரை காத்திருக்கிறேன்... என் கடையில் நான்!

பழைய தகரம் இதே வேலையைக் காற்றடித்தாலே செய்தது. கழற்றி மாட்டுக் கொட்டிலுக்குப் போட்டிருக்கிறேன். சோளகத்துக்கு இப்போதும் அங்கே கடகடக்கிறது...

மாட்டுக்கு என்ன விலை இரகசியம்?