மஞ்சு அக்கா கல்யாணத்தில் நான் பிடித்த போன்

இன்று நடந்ததை எதையும் மறைக்காமல் எழுதப் போகிறேன். தவறு என்னுடையது.

என் நூலகத் தோழி மஞ்சு அக்காவுக்குக் காலையில் மன்னார்குடியில் கல்யாணம். நேற்றே தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் வந்துவிட்டேன்.

அக்காவின் அப்பாவுக்குத் துபாயில் லீவு கிடைக்கவில்லை. வீடியோ காலில் அவருக்குக் காட்டும்படி அக்கா தன் போனை என்னிடம் கொடுத்தார்.

"கை ஆடாம புடிம்மா," என்றார் மாமா; அக்காவின் அப்பாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். அங்கேயும் பட்டு வேட்டி கட்டியிருந்தார்.

கெட்டிமேளம் முழங்கியதும் எல்லோரும் எழுந்தார்கள். நானும் எழுந்து, போனை மறந்து, அட்சதை தூவினேன். குனிந்து பார்த்தால் போன் தரையைக் காட்டிக்கொண்டிருக்கிறது. தாலி கட்டியாகிவிட்டது.

மேடையிலிருந்து அக்கா கேட்டார்: "அப்பா, பாத்தீங்களா?"

"கண்ணு நெறைய பாத்தேன்டா."

நான் போனை நிமிர்த்தி மேடைப் பக்கம் திருப்பினேன்.

பந்தி முடிந்ததும், இன்னும் என்னிடமே இருந்த அக்காவின் போனில் மாமா மறுபடி அழைத்தார்.

"மன்னிச்சிடுங்க மாமா."

"விடும்மா. மேடையப் பிரிச்சிட்டாங்களா? கொஞ்சம் காட்டேன்."

அக்கா இதைப் படித்தால் என்னைத் திட்டட்டும், மாமாவை வேண்டாம். நீங்களும் திட்டலாம்.

காலி மேடையைக் கை ஆடாமல் காட்டினேன். மண்டபத்து விளக்குகளை அணைக்கும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.