குங்குமம் தங்கிய எழுத்து

மகளின் கல்யாணப் பத்திரிகைக்கு அந்த எழுத்துதான் வேண்டும் என்று கேட்டது நான். யார் மேலும் பழி போட முடியாது.

போடிமெட்டுக்கு மேலே நாங்கள் வேலை பார்க்கும் ஏலக்காய்த் தோட்டத்தில் ஒரு கல் சாய்ந்து கிடக்கிறது. மேல்பாதி உடைந்து எங்கோ போய்விட்டது. மிச்சத்தில் மூன்று வரி இங்கிலீஷ். தோட்டம் போட்ட வெள்ளைக்காரத் துரை நட்ட எல்லைக்கல் என்று பழைய கங்காணி சொன்னார், நாங்களும் நம்பினோம். எல்லைக்கல்லைச் சும்மா விடுவோமா? காய் எடுப்பு தொடங்கும் நாளில் அதைக் கழுவி, மஞ்சள் பூசி, சூடம் காட்டி, தேங்காய் உடைத்த பிறகுதான் கூடையைத் தொடுவோம். எழுத்துக்குள் குங்குமம் நிரப்புவது என் பொறுப்பு.

எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. அஞ்சாம் வகுப்போடு தோட்டத்து வேலைக்கு வந்தவன். ஆனாலும் அந்த எழுத்து என் கைக்கு நன்றாகத் தெரியும். ஒரு கோடு தடிமனாக இருக்கும், சுண்டுவிரல் உள்ளே போகும். அடுத்த கோடு மெலிந்திருக்கும், ஈர்க்குச்சிதான் போகும். வட்டமான எழுத்துக்கு விலாப்பக்கம் சதை, தலையும் அடியும் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு கோடும் முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு பாதம். மழை எல்லாவற்றையும் கழுவினாலும் அந்தப் பாதத்தில் மட்டும் குங்குமம் தங்கிவிடும். அந்த அழகுக்காகத்தான் செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தேன்.

மாப்பிள்ளை ஓசூரில் கம்பெனி வேலை. அதனால் பத்திரிகையில் ஒரு பக்கம் இங்கிலீஷ் போட முடிவானது. நானும் என் மனைவியும் போடியில் ஒரு அச்சகத்துக்குப் போனோம். கம்ப்யூட்டரில் இருந்த பெண்ணிடம் படத்தை நீட்டினேன்.

"இங்கிலீஷ் பக்கத்த இந்த எழுத்துலயே போட்டுக் குடும்மா. எங்க சாமிக்கல்லுல உள்ளது."

"அட, இது காலு வச்ச எழுத்தாச்சேண்ணே!" என்றாள் அவள்.

"எழுத்துக்கு எதுக்குக் காலு? தாலி கட்டுற அன்னைக்கு எந்திரிச்சு ஓடிறப் போகுது" என்றாள் என் மனைவி.

அந்தப் பெண் சிரித்தாள். "உளியால வெட்டுனப்ப முனையில வந்த காலாம்க்கா. அப்புறம் அச்சடிக்க ஈயத்துல வார்த்தாக, இப்பக் கம்ப்யூட்டருக்குள்ள வந்துருச்சு. இங்கிலீஷ் புத்தகம், கோர்ட்டுக் காயிதம், காலேஜ் சர்ட்டிபிகேட்டு எல்லாம் இந்த எழுத்துதான். காலு இருக்குறதால வரி கலையாது, கண்ணு நேராப் போகும்."

கேட்கக் கேட்க எனக்குப் பெருமையாக இருந்தது. சாமி நல்ல எழுத்தைத்தான் காட்டியிருக்கிறது என்று நினைத்தேன்.

அவள் பத்திரிகை வாசகத்தை அடித்தாள். ஒப்பிட்டுப் பார்க்க என் படத்தைப் பக்கத்தில் பெரிதாக்கினாள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தவளுடைய கை மவுஸிலேயே நின்றுவிட்டது.

"அண்ணே, ரெண்டுலயும் ஒரு வார்த்தை ஒண்ணா இருக்கு."

"என்ன வார்த்தை?"

"மகள்."

எனக்குப் புரியவில்லை. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு மீதியைத் தமிழில் படித்தாள். "எங்கள் அன்பு மகள். வயது ரெண்டு வருசம் நாலு மாசம். இங்கே உறங்குகிறாள்." பிறகு, "இது சாமிக்கல்லு இல்லண்ணே. பச்சப்புள்ளைய அடக்கம் பண்ண எடம்" என்றாள்.

இந்தத் தோட்டத்துக்கு வந்த பதினைந்து வருஷமாக அந்தக் கல்லின் மேல் தேங்காய் உடைத்திருக்கிறேன். மற்ற நாளில் அதில் சாய்ந்து சாப்பிட உட்கார்ந்திருக்கிறேன். அதன் விளிம்பில் அரிவாள் தீட்டியிருக்கிறேன். முருகா, இத்தனை வருஷத்தில் படித்தவன் ஒருவனைக்கூட அந்தப் பக்கம் அனுப்ப உனக்குத் தோன்றவில்லையா என்று மனசுக்குள் கத்தினேன்.

என் மனைவி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "அழிம்மா. மொதல்ல அத அழி. எம்மக பேரு அந்த எழுத்துல வேணாம். காலு இல்லாதத போடு."

"அக்கா, எழுத்து என்னக்கா பண்ணும்? ஊரு பூராம் இந்த எழுத்துலதான் பத்திரிகை போகுது."

"ஊருக்குப் போகட்டும். எம்மகளுக்கு வேணாம் தாயி."

எழுத்து மாறியது. திரையில் என் மகளின் பெயர் ஒரே தடிமனில், பாதமில்லாமல் நின்றது. அதுவும் நன்றாகத்தான் இருந்தது. என்னால்தான் பார்க்க முடியவில்லை.

பஸ்சுக்கு நிற்கும்போது என் மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"அந்தப் புள்ள பேரு என்னவாம்?"

"பேரு இருந்த பக்கம் ஒடஞ்சு போச்சு."

"அதோட அம்மா அத இங்கன விட்டுட்டுத்தான சீமைக்குக் கப்பலேறிருப்பா?" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

பத்திரிகை அச்சாகி வந்தது. குலதெய்வத்துக்கு முதல் பத்திரிகை வைத்தோம். இரண்டாவதை மஞ்சள் தடவி என் மனைவியே என் கையில் கொடுத்தாள். "அதுக்கும் ஒண்ணு கொண்டு போங்க. புள்ளதான அது."

மறுநாள் காலை தோட்டத்து ஜீப்பில் ஏறினேன். உடன் வேலைக்கு வந்த பெண்களிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒருத்தி, "அய்யோ, அது மேலயா சூடம் கொளுத்துனோம்" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

கல்லில் ஈரம் காயவில்லை. அச்சகத்துப் பெண் திரையில் காட்டியதால், மகள் என்ற வார்த்தை எந்த இடத்தில் இருக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும். அங்கே விரல் வைக்கத் தைரியம் வரவில்லை. பத்திரிகையைக் கல்லின் அடியில் வைத்தேன். செருப்பைக் கழற்றாமல் நிற்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அவசரமாகக் கழற்றித் தூர எறிந்தேன்.

"தெரியாமப் பண்ணிட்டோம் ஆத்தா" என்றேன். வழக்கமாகச் சாமியிடம் கேட்பதுபோல் அவளிடம் எதையும் கேட்கவில்லை.