குடையை எடுக்க வந்தவர்

நான் சொல்லப்போகும் நிகழ்ச்சி நடந்தபோது, ஒரகடத்தில் வாகன உதிரிப்பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நிர்வாகப் பிரிவின் மேலாளராக இருந்தேன். சென்னையில் ஆங்கில இலக்கியம் படித்துப் பட்டம் பெற்றவன். முன்பு பணியாற்றிய இடங்களையும் சேர்த்து, ஒரு நாளும் தாமதமாக வேலைக்குச் சென்றதில்லை. நான் சொன்னதை எவரும் திருத்தியதும் இல்லை. கம்பெனி பஸ்ஸில் ஓட்டுநருக்குப் பின்னாலுள்ள முதல் இருக்கை எனக்கென்று விடப்பட்டிருந்தது. அதை எழுதி ஒட்ட வேண்டிய தேவை எழவில்லை.

தண்டலத்தில் ஏறினால் ஒரகடம் சேர முக்கால் மணி நேரம். ஓர் ஐப்பசி மழையில், ஸ்ரீபெரும்புதூரைத் தாண்ட முடியாமல் பஸ் நின்றுவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த லைன் சூப்பர்வைசர், "சார், நீங்க அந்தக் காலத்து இங்கிலீஷ் படம்லாம் பார்த்தவராச்சே, ஒண்ணு எடுத்து வுடுங்க" என்றார். கல்லூரி நாட்களில் காலைக் காட்சியில் பார்த்த ஒரு பழைய அமெரிக்கக் கறுப்பு வெள்ளைப் படத்தைச் சொல்லத் தொடங்கினேன்.

கதை எளியது. சிறு நகரம் ஒன்றில் ஒரு செல்வந்தர் தம் வீட்டிலேயே கொல்லப்படுகிறார். வாசல் கூடத்தில் குடைகளைச் செருகி வைக்கும் தாங்கியில், தங்களுடையதல்லாத ஒரு குடை இருப்பதை அவர் மனைவி போலீசாரிடம் காட்டுகிறாள். கொன்றவன் மறந்துவிட்டுப் போனது. குடை அங்கேயே இருக்கட்டும், உரியவன் ஒருநாள் தன்னை மறந்து அதை எடுப்பான் என்று முடிவாகிறது. அதன் பிறகு படத்தில் மழை ஓய்வதே இல்லை. வக்கீல் வருகிறார், குடும்ப டாக்டர் வருகிறார், தொழிலில் கூட்டாளி வருகிறார். விடைபெறும்போது ஒவ்வொருவர் கையும் அந்தத் தாங்கியை நோக்கி நீள்கிறது. அங்கே என்ன காத்திருக்கிறது என்று நமக்குத் தெரியும். கையை நீட்டுபவருக்குத் தெரியாது. அந்தக் காலத்துப் படங்களின் பிடி முழுவதும் இந்த இடத்தில்தான் இருந்தது என்பது என் கருத்து. துப்பாக்கியும் துரத்தலும் அவற்றுக்குத் தேவைப்படவில்லை.

ஒரு நாளைக்கு ஒரு கை என்று சொன்னேன். கை நீளும் இடத்தில் செக்யூரிட்டி கேட் வந்துவிடும், நான் நிறுத்திவிடுவேன். காதில் ஒயர் மாட்டித் தூங்கும் பையன்கள் ஒயரைக் கழற்றினார்கள். பின்வரிசைக்காரர்கள் முன்னால் வந்து கம்பியைப் பிடித்து நின்றார்கள். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "சார், வல்லம் பக்கமா சுத்திக்கினு போவட்டா? வக்கீலு குடைய எட்த்தாரா இல்லியான்னு தெரிஞ்சிகினே எறங்கிடலாம்" என்றார்.

இரண்டாம் வரிசையில் ஒரு ட்ரெய்னிப் பெண் உட்காருவாள். இராமநாதபுரம் பக்கத்துப் பெண். தண்டலத்தில் பெண்கள் விடுதியில் தங்கியிருந்தாள். அவளுடைய ஓராண்டுப் பயிற்சி முடிய இரண்டு மாதம் இருந்தது. நீட்டிப்புக் கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டும். திரும்பினால் கல்யாணம் என்று வீட்டில் நாள்கூடப் பார்த்து வைத்திருந்தார்கள். இது பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும். நீட்டிப்பை முடிவு செய்யும் மூவரில் நான் ஒருவன் என்பதும் தெரியும்.

சனிக்கிழமை கதையை முடித்தேன். எல்லோரும் நம்பியிருந்த டாக்டர், தேநீர் அருந்திவிட்டு, பேசிக்கொண்டே அந்தக் குடையை எடுத்து விரிக்கிறார். பஸ்ஸில் கைதட்டினார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தப் படத்தின் முடிவை நான் பார்த்ததில்லை. அன்று வகுப்புக்குப் போகாமல் தியேட்டருக்குப் போயிருந்தேன். படம் முடியக் கால் மணி இருக்கும்போது, மூன்று வரிசைக்கு முன்னால் என் பெரியப்பா உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். என் படிப்புக்குப் பொறுப்பேற்றிருந்தவர் அவர். விளக்கு எரிந்தால் என்னைப் பார்த்துவிடுவார். குனிந்தபடி வெளியேறினேன். விடுதியில் நண்பர்கள் முடிவைக் கேட்டபோது டாக்டரைச் சொன்னேன். பிறகு திருமண வீடுகளிலும் அலுவலகங்களிலும் பலமுறை சொல்லி, அந்த டாக்டர் குடையை விரிப்பதை நானே கண்ணால் பார்த்ததுபோல் ஆகிவிட்டது.

திங்கட்கிழமை, பஸ் கிளம்பியதும் அந்தப் பெண் என் இருக்கையருகே வந்து குனிந்தாள். எனக்கு மட்டும் கேட்கும்படிதான் பேசினாள்.

"சார், நேத்து ஹாஸ்டல் டிவியில அந்தப் படம் போட்டாக. நீங்க சொன்னதுனாலதேன் உக்காந்து பார்த்தேன். டாக்டர் இல்ல சார். கொன்னது செத்தவரு சம்சாரந்தேன். அந்தக் குடைய அந்தம்மாவேதேன் கடையில வாங்கி வச்சிருக்கு. கைப்பிடியில ஒரு நூலு தொங்குமே சார், விலைச்சீட்டு கட்டுன நூலு. அத வச்சுத்தேன் போலீசு கண்டுபிடிக்கிறாக."

அந்த நூல் எனக்கு நினைவிருந்தது. படத்தின் தொடக்கத்தில், கைப்பிடியை அருகில் காட்டும்போது அது காற்றில் ஆடும். அதை எதற்காகக் காட்டினார்கள் என்று எத்தனையோ முறை எண்ணியிருக்கிறேன். அவள் சொல்லி முடிக்கும் முன்பே அவள் சொல்வது சரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பஸ் முழுவதும் கேட்கும் குரலில் பதில் சொன்னேன். "நீ பார்த்தது வேற படம்மா. கீழ ஓடுற இங்கிலீஷை நீ எழுத்துக்கூட்டிப் படிக்கிறதுக்குள்ள பாதிக் கதை போயிருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். "இன்னாம்மா நீ, சாருக்கே கிளாஸ் எடுக்கிற" என்றார் ஓட்டுநர். அவள், "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

அன்று மாலைக்குள் அவளுக்கு 'வேற படம்' என்று பெயர் விழுந்துவிட்டது. கேன்டீன் வரிசையில், "இன்னா வேற படம், சாப்ட்டியா?" என்பார்கள். ஒரு பாகத்தில் கீறல் இருக்கிறது என்று அவள் எடுத்துக் காட்டினால், "அது வேற படத்துல இருக்கும்மே, இதுல இல்ல" என்று லைனில் ஒருவன் சொல்வான். கீறல் இருக்கும். இருந்தாலும் சொல்வான். ஒன்றிரண்டு முறை என் காதிலேயே விழுந்தது. நிறுத்தச் சொல்ல வேண்டிய பதவியில் இருந்தவன் நான்.

இரண்டு மாதம் கழித்துக் குழு கூடியது. அவளுடைய படிவம் வந்ததும் சூப்பர்வைசர், "வேலை சுத்தம் சார். ஆனா பெரியவங்கள எதிர்த்துப் பேசுற டைப்பு. உங்களுக்கே தெரியுமே" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். தரப் பிரிவு அதிகாரியும் பார்த்தார். "அப்படியெல்லாம் இல்லை" என்று நான் சொல்லியிருந்தால் போதும். சொன்னால், எப்படி என்று கேட்பார்கள்; படத்தைப் பற்றி அவள் சொன்னதே சரி என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். நான் பேனாவை எடுத்தேன். 'நீட்டிப்புப் பரிந்துரைக்கப்படவில்லை' என்ற கட்டத்துக்குக் கீழே இன்றும் என் கையெழுத்து இருக்கும்.

அடையாள அட்டையையும் சீருடையையும் ஒப்படைக்க அவள் என் அறைக்குத்தான் வர வேண்டியிருந்தது. சீருடையைத் துவைத்து, தேய்த்து, மடித்துக் கொண்டுவந்திருந்தாள். அடுத்து எங்கே என்று கேட்டேன்.

"ஊருக்குத்தேன் சார்."

படிவத்தில் கையெழுத்திட்டாள். கதவருகே போனவள் திரும்பி, "சார், நீங்க சொன்ன கதைதேன் சார் நல்லாயிருந்துச்சு" என்றாள். குத்தலாகச் சொன்னதாகத் தெரியவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். முடிவை நான் இட்டுக்கட்டினேன் என்பதை அவள் முன்பே புரிந்துகொண்டிருக்கிறாள். யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

அடுத்த சில ஆண்டுகளில் எல்லோர் கையிலும் பெரிய திரை போன் வந்துவிட்டது. பஸ்ஸில் யாரோ அந்தப் படத்தைத் தேடி எடுத்துப் பார்த்தார்கள், பலரும் பார்த்தார்கள். என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. மரியாதை காரணமாக இருக்கலாம். நான் ஓய்வு பெற்றபோது நடந்த பிரிவுபசார விழாவில், அதே சூப்பர்வைசர் மைக்கைப் பிடித்து, "சாருக்கு வயசாயிடுச்சு, பார்த்த படத்தோட முடிவையே மறந்துட்டாரு. ஆனா நம்ம லீவு கணக்கை மட்டும் ஒரு நாளும் மறந்ததில்ல" என்றார். பெரிய சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன், சால்வையை வாங்கிக்கொண்டேன். இன்று வீட்டிலும், என்னைத் தேடி வரும் பழைய ஊழியர்களிடமும் அந்த விளக்கமே நிலைத்திருக்கிறது: பெரியவர், மறந்துவிட்டார்.

அது தவறு. நான் எதையும் மறக்கவில்லை. அந்தப் படத்தின் முடிவை நான் பார்க்கவே இல்லை; அந்தப் பெண் பார்த்திருந்தாள். கையெழுத்திட்ட நாளிலும் அது எனக்குத் தெரிந்தே இருந்தது.