விகாரி வருஷத்து வண்டிப்பேட்டை

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டில் ஓர் ஊரில் ஒரு வண்டிப்பேட்டை இருந்தது. எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. இந்த ஊர்க்காரர்கள் அதை அந்த ஊர் என்று நினைத்துக்கொள்ளட்டும், அந்த ஊர்க்காரர்கள் இந்த ஊர் என்று. யாருக்கும் தூக்கம் கெடவேண்டாம். இத்தனைக்கும் கெடாத தூக்கம் இனியா கெடப்போகிறது?

மாட்டு வண்டிகள் ஓடிய காலத்தில் பஞ்சுப் பொதி ஏற்றி வந்தவர்கள் மாடுகளை அவிழ்த்துக் கட்டிவிட்டுப் படுத்து எழுந்துபோன இடம் அது. பன்னிரண்டு கல்தூண்கள், மேலே சுண்ணாம்புக் காரை போட்ட தளம், ஓரத்தில் மாடுகள் தண்ணீர் குடிக்க ஒரே கல்லில் குடைந்த தொட்டி. வண்டிகள் நின்றுபோன பிறகு நகராட்சி அதைத் தன் சொத்தாக எழுதிக்கொண்டு மறந்துவிட்டது. மறக்காமல் அங்கே இருந்தவர் ஓர் அம்மாள் மட்டும்தான். அறுபது வயதைத் தாண்டிய முஸ்லிம் பெண்மணி. மில்களின் கழிவுப் பஞ்சை வாங்கிவந்து, தூண்களுக்கு நடுவே உட்கார்ந்து மெத்தையும் தலையணையும் தைத்துக்கொண்டிருந்தார். அவருடைய தகப்பனாரின் தகப்பனார் அங்கே மாடுகளுக்கு லாடம் அடித்தவர். நூறு வருஷத்துக்கும் முந்தி, பேட்டை திறந்த அன்றைக்கே வந்து தொழிலை ஆரம்பித்தவர் என்று அந்த அம்மாளின் தகப்பனார், அவர்கள் வழக்கில் அத்தா, சொல்லிவந்தார்.

பேட்டையை இடித்து வணிக வளாகம் கட்ட நகராட்சி முடிவு செய்தது. அதே மாதம், மேலிடத்துச் சுற்றறிக்கைக்குப் பதில் எழுத வேண்டும் என்பதற்காக, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் குழு ஒன்றையும் அமைத்தது. கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்ற என்னை நிபுணர் என்று அதில் சேர்த்தார்கள்.

முதல் கூட்டத்தில் பொன்னாடை போர்த்தி முடிக்கவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. இரண்டாவது கூட்டத்தில், ஊரின் பழைய குடிநீர்த் தொட்டி ஒன்றைப் பாதுகாத்துவிட்டதாகப் பொறியாளர் அறிவித்தார். போய்ப் பார்த்தேன். சுற்றிலும் குளியலறை டைல்ஸ் ஒட்டி, மேலே ஒரு பிளாஸ்டிக் மயிலை நிறுத்தியிருந்தார்கள். "இனி நூறு வருசத்துக்கு ஒண்ணும் ஆகாது சார்" என்றார். இந்த ஜென்மங்களுக்கு நடுவே நான் ஒருவன்தான் மனிதன் என்ற நினைப்போடு ஒவ்வொரு கூட்டத்திலும் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் தெரியாமல் கெடுத்தவர்கள். நான் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது.

குழுவின் விதி எளிமையானது. நூறு வயது தாண்டிய கட்டடம் பட்டியலில் சேரும். சேர்ந்தால் இடிக்கக் கூடாது. பேட்டை இருந்தால் அந்த அம்மாளின் பிழைப்பும் இருக்கும்.

பார்வையிடும் நாளன்று ஆணையர் வரவில்லை. அவர் படம் போட்ட பேனர் வந்திருந்தது. பொறியாளர், ஒரு கவுன்சிலர், நான். அந்த அம்மாள் நான்கு நாட்களாக ஈரச் சாக்கை வைத்துத் தேய்த்து, உத்தரக் கல்லின் மேலிருந்த வெள்ளையை எல்லாம் எடுத்திருந்தார். அடியில் எழுத்து தெளிவாக இருந்தது. விகாரி வருஷம் தை மாதம் ஆறாம் தேதி, வியாழக்கிழமை, ஒரு நூல் வியாபாரி ஊராருக்குக் கட்டிவைத்தது.

"விகாரின்னா எந்த வருசம் சார்?" என்றார் பொறியாளர்.

"தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒரு தடவை திரும்பி வரும். அறுபத்துச் சொச்சம் வருஷத்துக்கு முந்தியும் விகாரி வந்தது. நூற்றிருபத்துச் சொச்சத்துக்கு முந்தியும் வந்தது."

"அப்ப சின்னதப் போட்டு முடிங்க" என்று சிரித்தார் கவுன்சிலர். "வயசக் கம்மியாச் சொன்னா யாரு கோவிச்சுக்கிடுவா?"

"அண்ணாச்சி, ஒங்க வயச யாரும் கேக்கல. கட்டடத்துக்கு உள்ளத அவிய சொல்லட்டும்" என்றார் அந்த அம்மாள். பிறகு என் பக்கம் திரும்பினார். "எங்க அத்தா சொன்னதுக்குக் காயிதம் ஒண்ணும் கிடையாது சார். நீங்க படிச்சவுக. நீங்க எதச் சொன்னாலும் நான் ஒத்துக்கிடுதேன்."

பேட்டைக்குப் பின்னால் எனக்கு ஒரு மனை இருந்தது. போக வர ஒரு சந்து மட்டும்தான் வழி. மணல் லாரி நுழையாது. பேட்டை போனால் மனை நேராக ரோட்டைப் பார்க்கும். குழுவில் யாரும் இதைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அன்று மத்தியானமே வீட்டில் பழைய பஞ்சாங்கத் தொகுப்பை எடுத்தேன். மாதமும் தேதியும் கிழமையும் கல்லில் இருக்கும்போது இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. பத்து நிமிஷ வேலை. பிந்தைய விகாரியில் அந்தத் தேதி செவ்வாய்க்கிழமை. முந்தைய விகாரியில் வியாழன். செவ்வாய்க்கிழமையில் இந்தப் பக்கம் யாரும் மாட்டுக்கொட்டகைகூடத் திறக்கமாட்டார்கள். புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தேன். கை கழுவிச் சாப்பிட்டேன். பிறகு, எழுத்தமைதியையும் கட்டுமானத்தையும் ஆராய்ந்ததில் கட்டடம் பிந்தைய சுற்றைச் சேர்ந்தது என்று ஒன்றரைப் பக்கம் எழுதினேன். நல்ல தமிழில் எழுதினேன். கிழமையைப் பற்றி ஒரு வரி இல்லை. அடுத்த கூட்டத்தில், வாசித்துப் பார்க்காமலே அதை ஏற்றுக்கொண்டார்கள்.

பேட்டையை இடிக்க ஒரு பகல் போதுமானதாக இருந்தது. எழுத்து இருந்த கல்லை உடைத்து அஸ்திவாரத்துக்குள் தள்ளினார்கள். எழும்பிய கட்டடத்துக்குப் பாரம்பரிய வணிக வளாகம் என்று பெயர். முகப்பில் சிமென்ட் தூண்கள் நிற்கின்றன. கல் மாதிரி தெரிய வேண்டும் என்று சாம்பல் நிறம் அடித்திருக்கிறார்கள். திறப்பு விழாவில் என்னையும் மேடையில் ஏற்றினார்கள். நானும் ஏறினேன். பொன்னாடையை வாங்கிக்கொண்டேன். பின்னால் மகன் வீடு கட்டினான். இப்போது அந்த வீட்டில்தான் இருக்கிறேன். இதையும் அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

அந்த அம்மாளைப் பிறகு தளவாய்புரம் போகும் வழியில் பார்த்தேன். ரோட்டோரம் தகரம் இறக்கி, அதன் கீழே மெத்தை தைத்துக்கொண்டிருந்தார். காரை நிறுத்தச் சொன்னேன். ஏன் நிறுத்தச் சொன்னேன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை.

"வாங்க சார்" என்று ஒரு பஞ்சு மூட்டையைத் தட்டி உட்காரப் போட்டார்.

"என் மேல வருத்தம் இருக்கும்மா உங்களுக்கு."

"ஒங்க மேல என்ன சார் வருத்தம்? கல்லுல உள்ளதத்தான சொன்னீக. எங்க அத்தாதான் பெருமைக்கு அளந்துவிட்டிருக்காக. எம் மவன் இப்பவும் கேலி பண்ணுதான், ஒங்க அத்தா எம்புட்டுப் புளுகு புளுகியிருக்காகன்னு. நானும் அவன்ட்ட பழசு எதையும் சொல்லது இல்ல."

அந்த அம்மாளிடமிருந்து இடத்தைத்தான் பறித்தேன் என்று அதுவரை நினைத்திருந்தேன். பஞ்சாங்கத்தைப் பார்த்ததையும், மறைத்ததையும், மனையையும் சொன்னேன். மழுப்பவில்லை. அவர் கோணி ஊசியை மெத்தையில் குத்தி நிறுத்தினார்.

"அப்ப எங்க அத்தா சொன்னது நெசம்."

"நெசம்தாம்மா."

"ஒங்களுக்கு அன்னைக்கே தெரியும்."

"அன்னைக்கே தெரியும்."

அவர் தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சைக் கையால் துடைத்தார்.

"எம் மவன் மில்லு விட்டு அஞ்சு மணிக்கு வருவான். இருந்து அவன்ட்ட நீங்களே சொல்லிட்டுப் போங்க."

சரி என்றேன். மணி அப்போது மூன்றரை.

"எந்திரிங்க, அந்த மூட்டை வேணும்" என்றார்.

எழுந்தேன். மூட்டையை அவிழ்த்து, பஞ்சை எடுத்து மெத்தைக்குள் திணிக்க ஆரம்பித்தார். உட்கார அங்கே வேறொன்றும் இல்லை. தகரத்தின் ஓரத்தில் நின்றபடி காத்திருந்தேன்.