வெள்ளிக்கிழமை மட்டும் சரியாக அளந்த மெஷின்

நடந்தவை வரிசையாக:

1. கோடை தொடங்கியதும் எங்கள் ஷூ ஃபாக்டரியின் கட்டிங் பிரிவில் தோல் போதவில்லை. அளந்து வாங்கிய கணக்குப்படி வர வேண்டிய ஜோடிகள் வரவில்லை.
2. மதியம் அளந்து வாங்கிய தோல்களை மறுநாள் காலையில் திரும்ப அளந்தார்கள். ஒரு தோலுக்குக் கால் அடி குறைந்தது. இங்கே அடி என்றால் சதுர அடி. தோலை விற்பதும் வாங்குவதும் அந்தக் கணக்கில்தான்.
3. மெஷரிங் மெஷினை ஓட்டுபவர் அஸ்லம் பாய். வியாபாரிகளிடம் கை நீட்டிவிட்டு அவர்தான் அளவைக் கூட்டுகிறார் என்று ஸ்டோர் மேனேஜர் நசீர் சாப் முடிவு செய்தார்.
4. அதை எல்லார் முன்னாலும் சொன்னார்.
5. மெஷினைப் பார்க்கச் சொல்லி என்னை யாரும் கூப்பிடவில்லை.

நான் அங்கே எலக்ட்ரானிக்ஸ் மெயின்டனன்ஸ். டிப்ளமோ முடித்து, கலவை ஊரிலிருந்து ஆம்பூர் வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறேன். மோட்டார், பெல்ட், பிரஸ் எல்லாம் பார்க்க ஆண்கள் இருக்கிறார்கள். அவர்கள் சேர்ந்து டீ குடிப்பார்கள், சேர்ந்து திட்டுவார்கள். சர்க்யூட் கார்டு பார்க்க நான் ஒருத்திதான். தையல் பிரிவுப் பெண்களுக்கு நான் 'ஆபீஸ்', ஆபீஸ்காரர்களுக்கு நான் 'ஃபுளோர்'. பேனல் ரூமில் சில நாள் காலையில் வந்து மாலையில் போகும்வரை மல்டிமீட்டரின் பீப் சத்தம் தவிர வேறெதுவும் என்னோடு பேசியதில்லை. அஸ்லம் பாய் மட்டும் அந்தப் பக்கம் போகும்போது கதவில் தலையை நீட்டி, "மேடம், மூணு கால் பூச்சிங்க சவுக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

அன்று நசீர் சாப் குரல் பேனல் ரூம் வரை கேட்டது.

"தோலு உள்ள போறப்ப இழுத்துப் புடிக்கிற. பெல்ட்டு ஓடுது, தோலு நிக்குது, மெஷின் ஜாஸ்தி எண்ணுது. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"சாப், வெச்சதும் கையை எடுத்துடறேன். நீங்களே நின்னு பாருங்க."

"நான் நின்னா எவன் புடிப்பான்? இன்னா அஸ்லம், வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் அளவு கரெக்டா வருதே, அது இன்னா? ஜும்மா தொழுதா பயம் ஒரு நாளைக்குத்தான் தாங்குமா?"

சிரித்தார்கள். கட்டிங்கில் இருபது வருடமாக இருக்கும் செல்வி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அந்த வாரத்தோடு அஸ்லம் பாயை நிறுத்திவிடப் போவதாக நசீர் சாப் சொன்னார். திருடன் என்று நிறுத்தப்பட்டவனுக்கு இந்தப் பாலாற்றுக் கரையில் எந்த டேனரியிலும் வேலை கிடைக்காது. பேர்ணாம்பட்டுக்குப் போனாலும் அவனுக்கு முன்னால் பேச்சு போய்ச் சேர்ந்துவிடும்.

எனக்கு அந்தக் கிண்டல் உள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் வாரத்தில் ஒரு மதியம் மட்டும் நேர்மையாக இருப்பாரா? அது எனக்குத் தெரியாது. ஒரு சர்க்யூட் வாரத்தில் ஒரு மதியம் மட்டும் சரியாக வேலை செய்தால், அந்த மதியத்தில் வேறு என்ன மாறுகிறது என்று தேடத் தெரியும்.

மாறுவது ஒன்றுதான். மற்ற நாள்களில் சாப்பாட்டு நேரத்தில் பெல்ட்டை நிறுத்துவார்கள், கண்ட்ரோல் பாக்ஸ் ஆனிலேயே இருக்கும். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு எல்லாரும் போய்விடுவதால் தளத்துக்கே மெயினை இறக்கிவிடுவார்கள். பாக்ஸ் ஆறிவிடும். மறுபடி அது சூடேறுவதற்குள் ஷிஃப்ட் முடிந்துவிடும்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்காக இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்குகிறேன்.

அந்த மெஷினின் பெல்ட்டுக்கு மேலே விளக்கு வரிசை, கீழே கண் வரிசை. ஒவ்வொரு கண்ணுக்கும் பின்னால் ஒரு டிரான்சிஸ்டர். எமிட்டர், பேஸ், கலெக்டர் என்று மூன்று கால். கலெக்டரிலிருந்து எமிட்டருக்கு ஓடும் பெரிய கரன்டை, பேஸுக்குள் போகும் சின்னக் கரன்ட் தீர்மானிக்கிறது. பேஸில் ஏறக்குறைய 0.6 வோல்ட் வரும்வரை உள்ளே சொல்லும்படி எதுவும் போகாது. வந்ததும் கலெக்டரில் அதைப்போலப் பல மடங்கு பாயும். கண்ணில் வெளிச்சம் விழுந்தால் பேஸ் இறங்கி டிரான்சிஸ்டர் ஆஃப்: அங்கே தோல் இல்லை. தோல் மறைத்தால் பேஸ் ஏறி ஆன்: தோல் இருக்கிறது, எண்ணு.

பாடத்தில் ஒரு வரியாகக் கடந்துபோவது இது: அந்த 0.6 நிலையானதல்ல. ஒரு டிகிரி சூடு ஏறினால் சுமார் இரண்டு மில்லிவோல்ட் இறங்கும். ஓரத்துக் கண் ஒன்றில் தோல் தூசி படிந்து வெளிச்சம் குறைந்து, அதன் பேஸ் 0.55-க்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தால், காலையில் அந்த டிரான்சிஸ்டர் ஆஃப். மதியம், தகரக் கூரைக்குக் கீழே, டிரான்ஸ்ஃபார்மரோடு ஒரே பெட்டிக்குள் வெந்தால், அதே 0.55-க்கு ஆன். ஒரு தோல் கடந்து முடியும்வரை, ஓரத்தில் தோல் இல்லாத இடத்தையும் தோல் என்று எண்ணும். கண் ஒன்றுக்கு ஓர் அங்குல அகலம், தோல் மூன்றடி நீளம். பெருக்கினால் கால் சதுர அடி.

மெஷின் சரியா என்று பார்க்க மூன்றடிக்கு இரண்டடி, ஆறு சதுர அடி அலுமினியத் தகடு ஒன்று உண்டு. மெயின் போட்டதும் அதை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது விதி. அதாவது, எப்போதும் மெஷின் ஆறியிருக்கும்போதே சோதித்திருக்கிறோம்.

அந்த வெள்ளிக்கிழமை மெயினை இறக்க வந்த எலக்ட்ரீஷியனிடம், "எனக்கு வேலை இருக்கு, இறக்காம விடுங்க அண்ணா" என்றேன். அவர் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு போனார். பெண்கள் கேன்டீனுக்குப் போனார்கள். தளம் முழுவதும் காலி. கூரை சூட்டில் டக் டக் என்று விரியும் சத்தம், பாக்ஸின் ரீங்காரம். நான் நினைத்தது தவறாக இருந்தால் அஸ்லம் பாய்க்கு மிச்சமிருந்த ஒரே சாட்சியான, வெள்ளிக்கிழமை சரியாக வரும் அளவை நானே கெடுத்தவளாவேன். இதைச் சொல்லிப் பார்க்க எனக்கு அங்கே யாரும் இல்லை. தகட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். நானே ஓட்டிப் பார்த்தால் நான் மட்டும்தான் பார்த்திருப்பேன்.

எல்லாரும் திரும்பி வந்ததும் நசீர் சாப்பிடம் போனேன்.

"சார், தகடு ஓட்டிப் பாக்கணும். நீங்களே வைங்க."

"நான் எதுக்கும்மா?"

"உங்க கை வேணும் சார்."

கைக்குட்டையால் தகட்டைப் பிடித்து வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார். டிஸ்பிளேயில் 6.25.

"இன்னொரு தபா போடு."

அதையும் அவரையே வைக்கச் சொன்னேன். 6.25.

செல்வி அக்கா கட்டிங் டேபிளிலிருந்தே குரல் கொடுத்தார். "இன்னா சாப், உங்களுக்கு எந்த யாபாரி குடுத்தான்?"

இந்த முறை சிரிப்பு பெரிதாக இருந்தது. நசீர் சாப் என் பக்கம் திரும்பினார். "மெஷின் ரிப்பேருன்னு முன்னாடியே சொல்றதுக்கு இன்னா? இதுக்குத்தானே சம்பளம் வாங்கற?"

பாக்ஸை அணைத்து ஆறவிட்டேன். பிறகு ஆன் செய்து சால்டரிங் அயர்னை ஒவ்வொரு டிரான்சிஸ்டருக்கும் பக்கத்தில், தொடாமல் காட்டிக்கொண்டே போனேன். ஓரத்தில் ஒன்று மட்டும் சூடு பட்டதும் தன் எல்.ஈ.டி.யை எரியவிட்டது. கண்ணாடியைத் துடைத்தேன், டிரான்சிஸ்டரை மாற்றினேன், பேஸ் அவ்வளவு ஏறாதபடி அதற்கும் எமிட்டருக்கும் நடுவில் ஒரு ரெசிஸ்டர் போட்டேன், பாக்ஸுக்கு ஒரு ஃபேன் வைத்தேன்.

மறுநாள் கேபினுக்குப் போய், அஸ்லம் பாய் மேல் தப்பில்லை என்று தளத்தில் ஒரு வார்த்தை சொல்லும்படி நசீர் சாப்பைக் கேட்டேன்.

"அதான் எல்லாரும் பாத்தாங்களே. சும்மா பேஜார் பண்ணாதம்மா. அவனை யாரும் போகச் சொல்லலியே."

அஸ்லம் பாய் தானாகவே பேக்கிங்குக்கு மாற்றல் கேட்டார். மெஷின் சரியாகிவிட்டது, இனி கூடுதலாகக் காட்டாது என்று அவரிடம் சொன்னேன்.

"மெஷின் மேல கோவம் இல்ல மேடம். அதுக்கு சூடு தாங்கல. இவங்க என்னைப் பாத்து சிரிச்சாங்களே, அன்னிக்கி இவங்களுக்கு இன்னா ஆச்சி?"

நான் சிரிக்கவில்லை என்று சொல்லலாம். ஆனால் வெளியே வராமல் பேனல் ரூம் கதவுக்கு இந்தப் பக்கம்தான் நின்றிருந்தேன்.

கற்றுக்கொண்டது இதுதான். ஒரு சர்க்யூட்டை அது உழைக்கும் சூட்டில் சோதிக்க வேண்டும். குற்றம் சாட்டும் பேச்சிலும் ஓர் அளவீடு இருக்கலாம், அதைப் பிரித்து எடுத்துக்கொள்ள வேண்டும். கூப்பிடும்வரை காத்திருக்கக் கூடாது.

இன்றைய நிலை: தகடு இப்போது காலையிலும் மதியத்திலும் ஓடுகிறது. ஆறு என்றால் ஆறு. மெஷினை வேறொருவர் ஓட்டுகிறார். அஸ்லம் பாய் ரோட்டுக்கு அந்தப் பக்கக் கட்டடத்தில் பேக்கிங்கில் இருக்கிறார். தளத்தில் அந்த ஒரு வார்த்தையை இன்னும் யாரும் சொல்லவில்லை.