காலி வண்டியில் எடுத்த அளவு

பெரியவளே, சின்னவனே, உங்கள் சின்ன சித்தியின் கல்யாணத்துக்குப் பெண்ணை அழைத்துக்கொண்டு போன அன்று, உங்கள் இருவரையும் நம் காரிலிருந்து இறக்கி உங்கள் சித்தப்பாவின் காரில் ஏற்றிவிட்டேன். பெண்ணின் பட்டுச்சேலை கசங்கிவிடும் என்று காரணம் சொன்னேன். அது பொய். உங்களை இறக்கிவிட்டது சக்கரத்துக்காக. நான் அதிகம் படித்தவன் இல்லை, ஐ.டி.ஐ. முடித்துக் கம்பெனிக்குள் போனவன். எழுத்து முன்பின்னாக இருந்தாலும் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. ஓசூர் சிப்காட்டில் நான் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன். லேத்தில் கடைந்து வரும் பீஸை அளந்து பாஸ் போடுவதோ கழிப்பதோ என் வேலை. நான் பாஸ் போட்ட பீஸ் திரும்பி வராது என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. வெள்ளை நிறத்தில் பழைய சின்ன கார் ஒன்று வாங்கியிருந்தேன். உங்கள் அம்மா பிறந்த ஊரான மத்தூரில், அந்த வீட்டுக்குச் சொந்தக் காரில் வந்து இறங்கிய முதல் மருமகன் நான்தான். அந்தப் பெருமை ஒரு வருஷம்கூட நிற்கவில்லை. அம்மாவின் அடுத்த தங்கையைக் கட்டிய உங்கள் சித்தப்பா, எனக்குச் சகலை, அதே காரைப் புதிதாக வாங்கினார். சிவப்பு நிறம். வாங்கிய மாதமே அதற்கு அலாய் வீல் போட்டார்.

அலாய் வீல் அப்போது எங்கள் பக்கம் அதிகம் கிடையாது. எல்லாக் காரிலும் இரும்புச் சக்கரம்தான், அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி. சித்தப்பாவின் சக்கரம் ஐந்து கால் வைத்த நட்சத்திரம் போல இருந்தது, வெள்ளிப் பாத்திரம் மாதிரி மின்னியது. ஓடும்போது அந்தக் கால்கள் மறைந்து வெறும் வெளிச்சம் சுற்றுவது போலத் தெரியும். ஓசூரில் அவர் வண்டி எங்கே நின்றாலும் நான் வேறு தெரு வழியாகப் போக ஆரம்பித்தேன்.

சின்ன சித்திக்கு நிச்சயம் பேசிய அன்று மத்தூர் வீட்டு வாசலில் இரண்டு கார்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. வந்தவர்கள் எல்லாம் என் வண்டியைத் தாண்டிப்போய் சிவப்பு வண்டியின் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். உங்கள் தாத்தா தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்தச் சக்கரத்தில் இருந்த தூசியைத் துடைத்தார். துடைத்துவிட்டு நிமிர்ந்தவர் என்னைப் பார்த்து, "மாப்ள, பொண்ணழைப்புக்கு இந்த வண்டி எடுப்பா இருக்கும்ல?" என்றார்.

கல்யாணம் மாப்பிள்ளை ஊரான கிருஷ்ணகிரியில். பெண்ணை மத்தூரிலிருந்து அழைத்துப்போக வேண்டும். அந்த வீட்டு வழக்கப்படி பெண்ணை மூத்த மருமகன்தான் கூட்டிக்கொண்டு போய் மண்டப வாசலில் இறக்கணும். உங்கள் அம்மா கல்யாணமாகி வந்ததிலிருந்து அது என் உரிமை என்று நினைத்திருந்தேன்.

"கல்யாணத்துக்குள்ள என் வண்டியும் தயாராயிடும் மாமா," என்றேன். நல்லவிதமாகத்தான் சொன்னேன். உள்ளே எரிந்தது.

திரும்பி வரும் வழியில் உங்கள் அம்மா, "அப்பா சும்மா வாய்க்கு வந்ததச் சொல்றாரு. நீங்க தானங்க மூத்தவரு, உங்கள மீறி யாரு கூட்டிக்கினு போவப்போறா?" என்றாள். பெரியவள் பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "அப்பா, பொண்ணு கார்ல நான் சித்தி பக்கத்துல உக்காருவேன். எங்க க்ளாஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்," என்றாள். சரி என்றேன். அப்போது நீ மூன்றாவது படித்தாய் என்று நினைக்கிறேன்.

பாகலூர் ரோட்டில் டயர் கடை வைத்திருந்த பாய் ஒருவரிடம் போனேன். பெங்களூரிலிருந்து மூன்று தினுசு சக்கரம் வரவழைத்து வரிசையாகச் சாய்த்துவைத்தார். ஒன்று சித்தப்பா போட்டிருந்த அதே நட்சத்திரம். அதை வாங்கினால் அவரைப் பார்த்துச் செய்தேன் என்று ஊர் சொல்லும். இன்னொன்று பல கம்பிகள் வைத்தது, அடக்கமான சக்கரம். மூன்றாவது அகலமானது, நான்கே கால்கள், விளிம்பு ஆழமாக உள்வாங்கியிருந்தது. அதை வண்டியோடு சேர்த்துவைத்தபோது டயர் பாடியை விட்டுக் கொஞ்சம் வெளியே தள்ளி நின்றது. சித்தப்பாவின் சக்கரம் உள்ளடங்கி இருக்கும். இது அப்படி இல்லை, தூரத்திலிருந்தே தெரியும். மற்ற இரண்டையும் நான் அதற்குமேல் பார்க்கவில்லை.

சொந்தமாக வைத்திருந்த வெர்னியர் அளவுகோலை எடுத்துப்போயிருந்தேன். போல்ட் துளைகளின் தூரம், நடுத்துளையின் அகலம், நட்டு உட்காரும் சரிவு என்று ஒவ்வொன்றாக அளந்தேன். ஒரு சக்கரத்தை மாட்டச் சொல்லி, டயருக்கும் மேலே வளைந்திருக்கும் தகரத்துக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தேன். விரல் தாராளமாகப் போயிற்று.

பாய் பார்த்துக்கொண்டே நின்றார். "அளவெல்லாம் கரெக்ட்டாத்தான் எடுக்கறீங்க சார். ஆனா இது வெளிய நிக்குது. வண்டியில எத்தினி பேரு போவீங்க?"

"நானும் வீட்லயும்தான்."

"பசங்க இல்லியா?"

"சின்னப் பசங்க பாய்."

"சின்னப் பசங்கன்னா எட இருக்காதா?" என்று சிரித்தார். "எனக்கின்னா சார், நான் கம்பி வெச்சதுதான் எடுத்துக்கச் சொல்லுவேன். பாக்கறவங்களுக்கு வேணும்னா இத எடுத்துக்கங்க."

பாஸ் போடுவது என் தொழில், டயர் கடைக்காரர் எனக்குச் சொல்வதா என்று இருந்தது. அகலமானதையே மாட்டச் சொன்னேன். எங்கள் வேலையில் பீஸை மேசைமேல் வைத்து அளப்போம், அதன்மேல் யாரும் ஏறி உட்கார மாட்டார்கள். காரையும் அப்படியே காலியாக நிறுத்தி அளந்துவிட்டு வந்தேன். அடுத்த பத்து நாளும் கம்பெனிக்குத் தனியாகவே ஓட்டினேன். வண்டி வெண்ணெயாக ஓடியது. உங்களைக் கல்யாணத்துக்கு முந்தியே அம்மாவோடு பஸ்ஸில் அனுப்பியிருந்தேன்.

பெண்ணழைப்பு அன்று காலையில் மத்தூருக்குப் போய் இறங்கினேன். நினைத்தது நடந்தது. கூட்டம் என் வண்டியைச் சுற்றி நின்றது. தாத்தா குனிந்து பார்த்துவிட்டு, "இதும் நல்லாத்தான் இருக்குது," என்றார். அந்த "இதும்" எனக்குப் பிடிக்கவில்லை. சித்தப்பா வந்து சக்கரத்தைப் பார்த்தார், வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "சூப்பரா இருக்குதுண்ணா," என்றார். அவர் முகத்தில் நான் தேடியது இல்லை. அவருக்கு வயிறு எரிய வேண்டும் என்றுதானே இவ்வளவும் செய்தேன்.

மத்தியானம் பஸ் ஸ்டாண்டிலிருந்து உறவுக்காரர்கள் நான்கு பேரை ஏற்றி வந்தேன். நல்ல உடம்புக்காரர்கள். முதல் பள்ளத்திலேயே பின்னால் சர்ரென்று சத்தம் கேட்டது. அடுத்த பள்ளத்திலும் கேட்டது. அவர்களை இறக்கிவிட்டு, வண்டியைக் கொல்லைப் பக்கம் கொண்டுபோய்க் குனிந்து பார்த்தேன். பின்பக்க டயர் இரண்டிலும் வெளி ஓரம் செதுக்கியது போலத் தேய்ந்திருந்தது. மேலே வளைந்த தகரத்தின் உள் விளிம்பில் ரப்பர் கறுப்பாக அப்பியிருந்தது. பாரம் ஏறினால் வண்டி இறங்குகிறது, இறங்கினால் வெளியே நிற்கும் டயரில் தகரம் உரசுகிறது. பாஸ் போட்ட பீஸ் திரும்பி வந்துவிட்டது.

பழைய இரும்புச் சக்கரங்கள் ஓசூர் வீட்டில் கிடந்தன. பெண் கிளம்பும் நேரத்துக்குள் போய் எடுத்துவர முடியாது. சித்தப்பாவிடம் போய், உங்க வண்டியிலேயே பொண்ணைக் கூட்டிப்போங்க என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். அதைச் சொல்வதற்குப் பதில் கணக்குப் போட்டேன். நான், பெண், தாம்பாளத்தோடு உட்காரும் அவளுடைய அத்தை, பெண்ணுக்குத் தோழியாக வரும் உறவுக்காரப் பெண். நாலு பேர். இவர்களைக் குறைக்க முடியாது. குறைக்கக்கூடியது நீங்கள் இரண்டு பேர்தான்.

உங்கள் அம்மா சீர்த்தட்டுகளோடு வேனில் முன்னாலேயே போய்விட்டாள். நான் காருக்குத் திரும்பியபோது பெரியவள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள், புதுப் பாவாடை, தலை நிறையப் பூ. தம்பியையும் இழுத்துப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

"எறங்கும்மா. சித்தியோட பட்டுச்சேல கசங்கிடும். ரெண்டு பேரும் சித்தப்பா வண்டியில வாங்க."

"நான் தள்ளி உக்காந்துக்கறம்பா. கால மேல மடிச்சி வெச்சிக்கறேன்."

சேலையை ஒதுக்கிப் பிடித்தபடி வந்த சின்ன சித்தி, "இருக்கட்டும் மாமா, அவ எங்கூடவே வரட்டும்," என்றாள். வேண்டாம் என்று அதட்டினேன். பெரியவளே, நீ அழவில்லை. தம்பி கையைப் பிடித்துக்கொண்டு சிவப்பு வண்டிக்கு நடந்து போனாய்.

வண்டி கிளம்பியது. சித்தப்பா பின்னால் வந்தார். பின்னாலே பார்க்கும் கண்ணாடியில் நீங்கள் தெரிந்தீர்கள். பத்து நிமிஷத்துக்குள் சின்னவன் முன்சீட்டில் பெரிய சித்தியின் மடியில் நின்றுகொண்டு ஹாரனை அமுக்கினான். பெரியவள் சித்தப்பாவின் தோளுக்குப் பின்னாலிருந்து ஏதோ சொல்ல, அவர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். என் வண்டியில் ஒருவரும் பேசவில்லை. அத்தை தாம்பாளத்தைப் பிடித்தபடி தூங்கிவிட்டார். அனுப்பியது நான்தான். இருந்தாலும் அவரோடு நீங்கள் சிரிப்பது எனக்குப் பொறுக்கவில்லை. ரோட்டைப் பார்த்ததைவிடக் கண்ணாடியைத்தான் அதிகம் பார்த்தேன்.

அப்படிப் பார்த்ததில் ஒரு குழியைக் கவனிக்காமல் வேகமாக இறக்கினேன். சர்ரென்று கேட்டது, அதற்குப் பிறகு அந்தச் சத்தம் நிற்கவே இல்லை. "மாமா, ஏதோ கருகற வாசன வருது," என்றாள் சின்ன சித்தி. வயலில் ஏதோ எரிக்கிறார்கள் என்றேன். பின்னாலிருந்து ஹாரன் கேட்டது. இந்தத் தடவை சின்னவன் இல்லை. சித்தப்பா என்னை முந்திவந்து கையைக் காட்டி நிறுத்தினார்.

"ண்ணா, பின் டயர்ல பொகை வருது."

இறங்கினேன். அவர் குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தார், தகரத்தின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். விரலில் ரப்பர் ஒட்டியது, காய்ந்த பழைய ரப்பரும் சேர்ந்து. எழுந்து, வண்டிக்குள் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில், "காலையிலயே தெரியுமாண்ணா?" என்றார்.

"மத்தியானம்தான்."

"அதான் பசங்கள எறக்குனீங்களா?"

பெண்ணை அவர் வண்டிக்கு மாற்றிவிடலாம் என்று நானே சொன்னேன். அதற்குள் அத்தை விழித்துக்கொண்டார். "பொண்ண நடு ரோட்டுல எறக்கறதா? நல்லா இருக்குதே நாயம். மண்டபத்துலதான் அவ கால் வெக்கணும்."

சித்தப்பா கொஞ்ச நேரம் தாடையைத் தேய்த்தார். "அப்ப அத்த, நீங்களும் தோழிப் பொண்ணும் என் வண்டிக்கு வந்துருங்க. பொண்ணு அண்ணா வண்டியிலயே இருக்கட்டும். தொணைக்கு ஒரு ஆளு வேணும், பாப்பாவ ஏத்திக்கலாம். அவ இன்னா எட இருக்கப்போறா."

"ஒல்லியா இருந்தா என்னா, என் தாம்பாளத்த அவதான் புடிக்கணும்," என்று அத்தை இறங்கினார்.

பெரியவளைக் கூப்பிட்டபோது அவள் உடனே வரவில்லை. அங்கே ஏதோ பாதி விளையாட்டில் இருந்தாள். மடியில் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு சித்தி பக்கத்தில் உட்கார்ந்ததும் என் முதுகைப் பார்த்துக் கேட்டாள்: "இப்ப சேல கசங்காதாப்பா?"

கசங்காது என்றேன். மெதுவாக ஓட்டினேன். வண்டி மறுபடி வெண்ணெயாக ஓடியது.

அவர் நினைத்திருந்தால் என்னைத் தாண்டிப் போய் முதலில் நின்றிருக்கலாம். நாலு பேரை அடைத்துக்கொண்டு, மாட்டுவண்டி வேகத்தில் என் பின்னாலேயே வந்தார். மண்டப வாசலில் மேளம் என் வண்டிக்குத்தான் அடித்தது. மாப்பிள்ளையின் அப்பா இறங்கி வந்து சக்கரத்தைப் பார்த்து, "ஜோரா இருக்குதுங்களே, எங்க வாங்கினது?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா, "எங்கண்ணா வெர்னியர் வெச்சி அளந்து பொறுக்கி எடுத்ததுங்க. நம்மளுக்கெல்லாம் அந்தப் பொறும இல்ல," என்றார். அதில் கேலி இருக்கிறதா என்று அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அன்றைக்கு அவரை வெறுத்த மாதிரி நான் யாரையும் வெறுத்ததில்லை. பந்தியில் அவர் எனக்கு இலை போட்டுப் பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருந்தார். பார்க்காதது போல எதிர் வரிசைக்குப் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பெரியவள் வந்தாள். என்னைப் பார்த்தாள், அந்தப் பக்கம் காலியாக இருந்த இலையைப் பார்த்தாள், போய்ச் சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.