வெள்ளையாகக் கிடந்த பாடங்கள்

கோரின் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது ஒரு சண்டையில். என் சித்தி மகள் ஐரின் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது, பெண் பிறந்தால் லுட்மிலா என்று வைக்கச் சொன்னாள் மாமியார். "அந்தப் பேரைச் சொன்னா நாய்கூடத் திரும்பாது. கோரின்னுதான் வைப்பேன்" என்று இவள் சொல்ல, மாமியார் அந்த ஈஸ்டர் விருந்துக்கே வரவில்லை. பிறந்ததோ பெண். பெயர் அம்மா வைத்தது, பிடிவாதம் பாட்டியுடையது.

கிளீவ்லாந்து நகரை ஒட்டிய பார்மாவில், எங்களுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் வளர்ந்தாள். படித்து முடித்துக் கிளீவ்லாந்தில் ஓர் ஆர்க்கிடெக்ட் ஆபீசில் சேர்ந்தாள். பள்ளிக்கூடம், நூலகம் என்று வரைந்து தள்ளினாள். ஆனால் உரிமத் தேர்வில் எல்லாத் தாளும் தேறும்வரை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளக் கூடாதாம். ஐரின் கேட்டால்தானே! சர்ச் வாசலில் எல்லாரிடமும், "எம் பொண்ணு ஆர்க்கிடெக்ட்" என்பாள்.

"இன்னும் இல்லம்மா! அப்படிச் சொல்லக் கூடாதும்மா!" என்று கோரின் பல்லைக் கடிப்பாள்.

மிச்சம் ஒரே ஒரு தாள். கட்டடம் விழாமல் நிற்பது, குழாய், மின்சாரம் எல்லாம் அதில். இரண்டு தடவை எழுதி இரண்டும் போயிற்று. முதல் தாள் தேறிய ஐந்து வருஷத்துக்குள் எல்லாவற்றையும் முடிக்காவிட்டால் அந்தத் தாள் செல்லாது, அதையும் மறுபடி எழுத வேண்டும். கெடு ஜூன் மாதம்.

பார்மாவிலேயே இருந்த அவள் வீட்டின் நிலவறையில் பிங்பாங் மேசை முழுக்கப் புத்தகம். தடிப் புத்தகம், கேள்வி அட்டை, வீடியோ பாடம், காரில் கேட்க ஒலிப்பாடம்.

"படிக்கப் போறியா, கடை வைக்கப் போறியா?" என்றான் அவள் புருஷன் டேரில்.

"எது நல்லதுன்னு பாத்துக்கிட்டிருக்கேன், சும்மா இரு."

"ரெண்டு வருஷமாவா? என்னையே ஒரு மாசத்துல தேர்ந்தெடுத்துட்டே!"

"அதனாலதான் இப்ப நிதானமாப் பாக்கறேன்."

இத்தனை இருந்தும் அவள் நம்பியது ஆபீஸ் பெட்டியைத்தான். அங்கே ஒரு வழக்கம்: தேறியவர் தன் புத்தகப் பெட்டியை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார். இவளுக்கு, எங்கள் சர்ச்சுக்கே வரும் மூத்த ஆர்க்கிடெக்ட் வெர்ன் கொடுத்தார். அவர் மஞ்சள் பேனாவால் கோடு போட்டிருந்தார். அவருக்கு முன் படித்த இருவர் ரோஸ் கலரிலும் பச்சைக் கலரிலும். மூன்று பேர் தேறிய புத்தகமாயிற்றே என்று கலர் வரிகளை மட்டும் உருப்போட்டாள்.

மார்ச் மாதம், தவக்கால வெள்ளிக்கிழமை. இறைச்சி கூடாத நாள் என்பதால் சர்ச் கூடத்தில் மீன் வறுவல் விருந்து. வெர்ன் எங்கள் மேசையில் வந்து உட்கார்ந்தார்.

"வெர்ன், மண்ணைத் தாங்குற சுவர் பாடத்துல ஒரு கோடுகூட இல்லையே! ரெண்டு தடவையும் அதுலதான் எனக்கு அடி" என்றாள் கோரின்.

"அதுல எதுக்கும்மா கோடு? எங்கப்பா அந்தச் சுவரைக் கட்டித்தான் எங்களை வளர்த்தாரு. தெரியாததுக்குத்தானே கோடு போடுவேன்?"

கோரின் கையிலிருந்த மீன் தட்டில் விழுந்தது.

"குழாய்ப் பாடத்துல ரோஸ் கோடே இல்லையே?"

"ரோஸ் கோடு ராஸலினோட பேனா. அவ வீட்டுக்காரர் பிளம்பர் இல்ல?"

"கடவுளே! உங்க மூணு பேருக்கும் தெரியாததை நான் படிச்சிருக்கேன். எனக்குத் தெரியாதது வெள்ளையாவே கிடக்கு!"

"அவங்க பரிட்சைய நீ எழுதியிருக்கே, பைத்தியம்" என்று ஐரின் தன் தட்டிலிருந்த முட்டைக்கோஸைக் கிளறினாள். வெர்ன் சிரித்த சிரிப்பில் பாதிரியாரே திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக்குப் போய், ஒவ்வொரு புத்தகத்திலும் அந்தச் சுவர்ப் பாடத்தை மட்டும் திறந்து பார்த்தாள். எதைப் படித்தால் தனக்குப் புரிந்ததோ அந்த ஒன்றை வைத்துக்கொண்டாள். அதில் ஒரு கோடும் இல்லை. மற்றதெல்லாம் ஆபீசுக்குப் போயிற்று. டேரிலுக்கு மேசை திரும்பக் கிடைத்தது.

மே மாதக் கடைசியில் ஒரு மத்தியானம் போன் அடித்தது.

"பெரியம்மா, அம்மா போன் எடுக்கல. நீங்களே சொல்லிடுங்க. இனிமே சர்ச்ல அவங்க சொல்றது பொய் இல்ல."

இப்போது கோரின் அதே பார்மா வீட்டில்தான் இருக்கிறாள். கிளீவ்லாந்து ஆபீசில் பள்ளிக்கூட வரைபடங்களில், உரிமம் பெற்றவர் மட்டுமே குத்தக்கூடிய முத்திரையைத் தன் பெயரிலேயே குத்துகிறாள்.